கலோரிக் கணக்கு: வரவு எது, செலவு எது, எங்கே இடிக்கிறது

எடை குறைப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால் கலோரி என்ற சொல் வராமல் இருக்காது. "இதில் கலோரியே கிடையாது, தைரியமாகச் சாப்பிடு", "காலையில் ஓடினேன், நேற்று ராத்திரி தின்றதெல்லாம் கரைந்திருக்கும்", "எனக்கு மெட்டபாலிசமே மந்தம், பச்சைத் தண்ணீர் குடித்தாலும் எடை ஏறுகிறது". சொல்பவரைக் கொஞ்சம் நிறுத்தி, கலோரி என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது கொழுப்புக்கு இன்னொரு பெயர் என்கிற மாதிரி ஒரு பதில் வரும். எனக்கும் பல வருடம் அப்படித்தான் இருந்தது.

இன்னொரு பக்கம் இதை வைத்து இரண்டு கட்சிகள் சண்டை போடுகின்றன. ஒரு கட்சி, "உள்ளே போவதைவிட வெளியே போவது அதிகமாக இருந்தால் எடை குறையும், அவ்வளவுதான், இதில் என்ன குழப்பம்" என்கிறது. மற்றது, "கலோரிக் கணக்கெல்லாம் பொய், நான் மூன்று மாதம் எழுதி எழுதிப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை" என்கிறது. என்னைக் கேட்டால் முதல் கட்சி சொல்வது சரி, இரண்டாவது கட்சிக்கு நடந்ததும் நிஜம். கணக்கு தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கில் நாம் போடும் எண்களில் பாதி வெறும் ஊகம், போதாததற்கு வரவும் செலவும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும். இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும்.

கலோரி ஒரு பொருள் இல்லை

முதலில் இதைச் சரிசெய்துகொள்வோம். கிலோமீட்டர் என்று ஒரு பொருள் கிடையாது, அது தூரத்தின் அளவு. லிட்டரும் அப்படித்தான். கலோரி என்பது ஆற்றலின் அளவு. உணவுக்குள் சர்க்கரை இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது, புரதம் இருக்கிறது. கலோரி என்று எதுவும் தனியாக ஒளிந்துகொண்டிருக்கவில்லை. அந்தச் சர்க்கரையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் எவ்வளவு ஆற்றல் எடுக்கலாம் என்பதைச் சொல்லும் எண் அது.

ஒரு கிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பம்தான் ஒரு கலோரி. இது ரொம்பச் சின்ன அளவு. அதனால் உணவு விஷயத்தில் ஆயிரம் கலோரியைச் சேர்த்து ஒரு கிலோகலோரி என்று எண்ணுகிறார்கள், ஆனால் பேச்சில் அந்த "கிலோ" உதிர்ந்துபோய்விட்டது. பாக்கெட்டில் 200 கலோரி என்று பார்த்தால் அது 200 கிலோகலோரி. இந்தக் கட்டுரையிலும் கலோரி என்று நான் எழுதுவதெல்லாம் இந்தப் பெரிய கலோரிதான்.

தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? எரித்துப் பார்ப்பதுதான் சம்பந்தம். உணவைக் காயவைத்து, ஆக்சிஜன் நிரப்பிய கெட்டியான ஒரு கலத்துக்குள் வைத்து, சுற்றிலும் தண்ணீர் நிற்க, உள்ளே பற்றவைத்துவிடுவார்கள். தண்ணீர் எவ்வளவு சூடானது என்று பார்த்தால் அந்த உணவில் எவ்வளவு ஆற்றல் இருந்தது என்று தெரிந்துவிடும். உடம்புக்குள்ளும் இதே வேலைதான் நடக்கிறது, தீயில்லாமல், மெதுவாக, படிப்படியாக. 1780களிலேயே பிரான்சில் லவாய்சியரும் லாப்லாசும் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பெட்டிக்குள் வைத்து, அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகியது என்றும் அது எவ்வளவு கரியமில வாயுவை வெளிவிட்டது என்றும் அளந்தார்கள். மூச்சு விடுவதும் ஒருவகை எரிதல்தான் என்ற முடிவுக்கு அப்படித்தான் வந்தார்கள். "கலோரியை எரிப்பது" என்று இன்று நாம் சொல்வது வெறும் அலங்காரப் பேச்சு இல்லை.

அடுத்த நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் நூற்றுக்கணக்கான உணவுகளை இப்படி அளந்தார். செரிக்காமல் வெளியேறுவதையும் கழித்துப் பார்த்து, இன்றுவரை உலகம் முழுக்கப் பயன்படும் மூன்று எண்களைக் கொடுத்தார்: ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9. மதுவுக்கு 7 என்று இன்னொரு எண்ணும் உண்டு. பாக்கெட்டில் அச்சாகும் கலோரி பெரும்பாலும் யாரோ எரித்துப் பார்த்துப் போட்டதில்லை, இந்த எண்களால் பெருக்கிக் கூட்டியதுதான்.

இதுவரை பார்த்தது: கலோரி ஆற்றலின் அளவு. உணவு எரிபொருள், உடம்பு அதை மெதுவாக எரிக்கிறது, ஒரே எடையில் கொழுப்பு மற்ற இரண்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் தருகிறது.

வரவு: கண்ணுக்குத் தெரியாமல் வருவது

கொழுப்புக்கு 9 என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 14 கிராம் இருக்கும், 120 கலோரிக்கு மேல். அதே 120 கலோரியை வெள்ளரிக்காயில் எடுக்க வேண்டுமென்றால் முக்கால் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும், ஏனென்றால் வெள்ளரிக்காய் பெரும்பாலும் தண்ணீர். ஒன்று வயிற்றை முட்ட முட்ட நிரப்பும், மற்றது வாணலியில் ஊற்றிய சுவடே தெரியாமல் காய்க்குள் போய்விடும். வயிற்றுக்குக் கனம் தெரியும், கலோரி தெரியாது. நம் வரவுக் கணக்கு பிசகுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதி, நம் கை. சமையல் தராசு ஒன்று வாங்கிய முதல் நாள் வேர்க்கடலை வெண்ணெயை வைத்துச் சோதித்தேன். ஒரு மேசைக்கரண்டி 16 கிராம், ஏறத்தாழ 95 கலோரி என்று டப்பாவில் போட்டிருந்தது. வழக்கமாக எடுக்கிற மாதிரியே, கரண்டியின் மேல் சின்னக் கோபுரமாக நிற்கும்படி எடுத்து வைத்தேன். தராசு 29 கிராம் காட்டியது. அதாவது 170 கலோரி. கரண்டியின் பின்பக்கம் ஒட்டியிருந்ததை நக்கியது இதில் சேராது. தினமும் "ஒரு கரண்டி, 95" என்றுதான் எழுதிவந்தேன், அதுவும் ரொம்ப ஒழுங்காக. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், நான் வாயில் போடுவதைக்கூட அளக்கவில்லை.

நான் மட்டும் இல்லை என்பதில் ஓர் ஆறுதல். 1992இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், "நாளுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை குறையவே மாட்டேன் என்கிறது" என்று சொன்ன 10 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் செலவை அளக்கக் கையாண்டது ஒரு சாமர்த்தியமான வழி. சாதாரண ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும்விடக் கனமான வகைகள் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். கனமான ஹைட்ரஜன் தண்ணீராக மட்டுமே உடலைவிட்டு வெளியேறும், கனமான ஆக்சிஜன் தண்ணீராகவும் வெளியேறும், கரியமில வாயுவாகவும் வெளியேறும். சில நாட்கள் சிறுநீரைச் சோதித்து இரண்டின் வித்தியாசத்தைப் பார்த்தால் எவ்வளவு கரியமில வாயு உண்டானது, அதாவது எவ்வளவு எரிந்தது, என்று தெரிந்துவிடும். முடிவு: அவர்கள் உடலின் செலவில் எந்தக் குறையும் இல்லை. தாங்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். இதைப் பொய் என்று நினைத்துவிடாதீர்கள். கரண்டிக் கோபுரம்தான், அப்புறம் சமைக்கும்போது ருசி பார்த்தது, குழந்தை மிச்சம் வைத்ததை வீணாக்க வேண்டாமே என்று வாயில் போட்டது.

பாக்கெட்டில் அச்சான எண்ணும் வேதவாக்கு இல்லை. அதற்கு நல்ல உதாரணம் பாதாம். ஒரு கைப்பிடி, அதாவது 28 கிராம், அட்வாட்டர் எண்களின்படி 170 கலோரி வாக்கில் வரும். 2012இல் ஆட்களுக்கு முழுப் பாதாமைக் கொடுத்து, மலத்தில் எவ்வளவு கொழுப்பு அப்படியே வெளியேறுகிறது என்று பார்த்தபோது உடம்புக்கு உண்மையில் கிடைத்தது 129 கலோரிதான் என்று தெரிந்தது. கெட்டியான செல்சுவருக்குள் மாட்டிக்கொண்ட கொழுப்பு, நாம் எவ்வளவு மென்றாலும் முழுதாக வெளியே வருவதில்லை. நார்ச்சத்தும் அப்படித்தான், மாவுச்சத்து வகையில் சேர்ந்தாலும் கிராமுக்கு 2 கலோரி அளவுதான் தரும்.

ஆக வரவுப் பக்கத்தில் எழுதும் எண் ஒரு மதிப்பீடுதான், அதிலும் பெரும்பாலும் குறைத்தே எழுதியிருப்போம். எழுதுவதால் பயன் இல்லை என்று அர்த்தமில்லை. எழுதியதை அப்படியே நம்பிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

செலவு: சும்மா படுத்திருப்பதற்கே பெரும்பங்கு

செலவு என்றதும் ஓட்டம், வியர்வை, ஜிம் என்றுதான் மனசு போகும். உண்மையில் வீட்டுச் செலவில் வாடகை மாதிரி ஒன்று இருக்கிறது, நீங்கள் வெளியே போனாலும் போகாவிட்டாலும் அது கட்டியே ஆக வேண்டும். நாள் முழுக்கப் படுக்கையில் அசையாமல் கிடந்தாலும் இதயம் அடிக்கும், நுரையீரல் விரியும், மூளை வேலை செய்யும், சிறுநீரகம் வடிகட்டும், உடம்பு தன் சூட்டைக் காத்துக்கொள்ளும். இதற்கெல்லாம் ஆகும் ஆற்றலின் பெயர் அடிப்படை வளர்சிதைமாற்றம், மெட்டபாலிசம் என்று பேச்சில் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். இனிமேல் இதை அடிப்படைச் செலவு என்றே சொல்கிறேன், நாக்கு சுளுக்காமல் இருக்கும். பெரிதாக ஓடியாடாத ஒருவரின் மொத்தச் செலவில் 60 முதல் 70 சதவீதம் இதுவே. இதில் ஆச்சரியம் என்னவென்றால், உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை ஓய்வுநேரச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. தசை, கிலோவுக்கு நாளொன்றுக்கு 13 கலோரி அளவுதான் ஓய்வில் செலவழிக்கும், கொழுப்பு அதைவிடக் குறைவு, 4 அல்லது 5. "தசை ஏற்றினால் தூங்கும்போதே கலோரி எரியும்" என்ற பேச்சு பொய்யில்லை, ஆனால் கஷ்டப்பட்டு இரண்டு கிலோ தசை ஏற்றினாலும் ஓய்வுச் செலவில் கூடுவது ஒரு பிஸ்கட் அளவுக்குக்கூடத் தேறாது. தசை வேண்டும், ஆனால் வேறு காரணங்களுக்காக.

இரண்டாவது செலவு, சாப்பிட்டதைச் செரிப்பதற்கான கூலி. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. புரதம் கூலி அதிகம் கேட்கும், தன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் வரை. மாவுச்சத்து 5 முதல் 10, கொழுப்பு 3 சதவீதத்துக்குள். எடை குறைப்பவர்களிடம் புரதம் சாப்பிடு என்று சொல்வதற்கு இது ஒரு காரணம், பசியை அடக்குவதும் தசையைக் காப்பாற்றுவதும் இதைவிடப் பெரிய காரணங்கள்.

மூன்றாவது, அசைவு. இதில் வேண்டுமென்று செய்யும் உடற்பயிற்சி ஒரு சின்ன பாகம். நிற்பது, நடப்பது, படி ஏறுவது, துணி மடிப்பது, உட்கார்ந்த இடத்தில் காலாட்டுவது என்று பயிற்சிக் கணக்கில் வராத சில்லறை அசைவுகள்தான் ஆளுக்கு ஆள் பயங்கரமாக மாறும். 1999இல் வெளியான ஓர் ஆய்வில் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் தேவைக்கு மேல் 1,000 கலோரி கொடுத்தார்கள். சேர்ந்த கொழுப்பு ஒருவருக்கு அரைக் கிலோகூட இல்லை, இன்னொருவருக்கு நாலு கிலோவுக்கு மேல். கொழுப்புச் சேராதவர்கள் தங்களுக்கே தெரியாமல் இந்தச் சில்லறை அசைவுகளைக் கூட்டியிருந்தார்கள். "அவன் எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது" என்று நாம் பெருமூச்சு விடும் அந்த ஆள், அனேகமாக ஒரு இடத்தில் உட்காராதவனாக இருப்பான்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. முப்பது தாண்டினால் மெட்டபாலிசம் படுத்துவிடும் என்பது எல்லோரும் சொல்வது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் அதிகமானவர்களை அளந்த முடிவுகள் 2021இல் வந்தன. உடல் அளவை ஈடுசெய்து பார்த்தால் 20 வயதிலிருந்து 60 வரை செலவு கிட்டத்தட்ட ஒரே மட்டம், 60க்கு மேல்தான் மெல்ல இறங்குகிறது. நாற்பதில் போடும் தொப்பைக்கு மெட்டபாலிசத்தின் மேல் பழி போடுவது அவ்வளவு நியாயமில்லை.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 35 வயது, 70 கிலோ, 160 செ.மீ. உயரம் உள்ள ஒரு பெண். அடிப்படைச் செலவைக் கணிக்க 1990இல் வந்த மிஃப்ளின் சூத்திரம் பரவலாகப் பயன்படுகிறது: எடையை 10ஆல் பெருக்கி, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை 5ஆல் பெருக்கிக் கழித்து, பெண் என்றால் 161ஐக் கழிக்க வேண்டும், ஆண் என்றால் 5ஐக் கூட்ட வேண்டும். 700 + 1,000 – 175 – 161 = 1,364. உட்கார்ந்த வேலை, கொஞ்சம் நடை என்றால் இதை 1.4ஆல் பெருக்கலாம், 1,910 வாக்கில் வரும். சூத்திரம் சராசரி மனிதருக்கானது, நிஜ ஆள் அதிலிருந்து நூறு இருநூறு கலோரி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாதாரணமாகவே இருப்பார்.

செலவுப் பக்கம் சுருக்கமாக: பெரும்பங்கு உயிரோடு இருப்பதற்கே போகிறது, பத்தில் ஒன்று செரிமானத்துக்கு, மீதி அசைவுக்கு. நம் கையில் இருப்பது அந்தக் கடைசிப் பங்கு மட்டுமே.

கைக்கடிகாரம் காட்டும் கலோரி

இந்தப் பெண் ஒரு மணி நேரம் சுறுசுறுப்பாக நடக்கிறார். கடிகாரம் 245 கலோரி என்கிறது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் நடக்காமல் அந்த ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் 70, 80 கலோரி செலவாகியிருக்கும், அது 1,910இல் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. நடையால் கூடுதலாகப் போனது 165 முதல் 175 வரை. மேலே பார்த்த ஒரு கைப்பிடி பாதாம், பாக்கெட் எண்ணின்படி. "நடந்தேனே" என்ற தைரியத்தில் ஒரு சின்ன இனிப்பு எடுத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும், கொஞ்சம் பெரிதாக எடுத்தால் கையைக் கடிக்கும்.

அந்த 245ஐயும் நம்ப முடியாது. 2017இல் ஏழு வகைக் கைப்பட்டைக் கருவிகளைச் சோதித்தபோது இதயத்துடிப்பைப் பெரும்பாலும் சரியாகவே காட்டின, ஆனால் கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 சதவீதம் பிசகியது, மோசமானது 93 சதவீதம். கடிகாரத்தில் "எரித்ததை" சாப்பாட்டுக் கணக்கில் திருப்பிச் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள் என்பேன்.

அப்படியென்றால் உடற்பயிற்சி வீணா என்றால், நிச்சயமாக இல்லை. எடையைக் குறைக்கும் கருவியாக அது மட்டும் இருந்தால் பலவீனமான கருவி. குறைத்த எடை திரும்ப ஏறாமல் பிடித்துவைக்கவும், எடை குறையும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து போகாமல் இருக்கவும், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் அதைப்போல வேறொன்று இல்லை.

கொழுப்பு எந்த வழியாக வெளியே போகிறது?

இது எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் படித்தவர்கள்கூட இதில் தடுமாறுவார்கள். வியர்வையாக? சூடாக மாறி? தசையாக மாறி? எதுவும் இல்லை. வெப்பமாக வெளியேறுவது ஆற்றல், அணுக்கள் எங்காவது போக வேண்டுமே. கொழுப்பு என்பது கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து அது கரியமில வாயுவும் தண்ணீருமாக மாறுகிறது. 2014இல் இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டு எழுதினார்கள்: 10 கிலோ கொழுப்பு போனால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சோடு வெளியேறுகிறது, 1.6 கிலோ தண்ணீராகிறது. வேகவேகமாக மூச்சுவிட்டால் குறையுமா என்று கேட்காதீர்கள், தலைதான் சுற்றும். எரிந்த அளவுக்குத்தான் புகை.

வியர்வையில் போவது தண்ணீர், ஒரு சொம்பு குடித்தால் திரும்ப வந்துவிடும். வயிற்றில் பட்டை கட்டிக்கொண்டு வியர்ப்பதால் வயிற்றுக் கொழுப்பு கரையாது. தேவைப்படும்போது உடம்பு எல்லா இடத்திலிருந்தும் கொழுப்பை அவிழ்த்து ரத்தத்தில் விடுகிறது, எந்த இடம் முதலில் வடியும் என்பது பரம்பரையும் ஹார்மோனும் முடிவு செய்வது.

இந்த இடத்தில் ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: உடம்பில் சேர்ந்த ஒரு கிலோ கொழுப்புத் திசு சுமார் 7,700 கலோரி. கிராமுக்கு 9 என்றால் 9,000 அல்லவா வர வேண்டும் என்று தோன்றலாம். அந்தத் திசு முழுக்கக் கொழுப்பு இல்லை, கொஞ்சம் தண்ணீரும் புரதமும் கலந்தது.

எடைபோடும் மெஷின் என்ன சொல்கிறது

நம் உதாரணப் பெண் தினம் 1,500 கலோரி சாப்பிடுகிறார், செலவு 1,910 என்றால் வித்தியாசம் ஏறத்தாழ 400. இப்படிச் செலவைவிட வரவு குறையும் வித்தியாசத்துக்குத்தான் கலோரிப் பற்றாக்குறை என்று பெயர். 400ஐ 7,700ஆல் வகுத்தால் நாளொன்றுக்குக் குறையும் கொழுப்பு 52 கிராம். வெறும் 52 கிராம்! காலையில் மெஷினில் ஏறும்போது உப்பு, தண்ணீர், குடலில் இருப்பது, மாதவிடாய்ச் சுழற்சி, நேற்றைய கடுமையான பயிற்சி என்று ஏதாவது ஒன்றால் எடை ஒரு கிலோ மேலேயோ கீழேயோ சாதாரணமாக ஆடும். அந்த ஆட்டத்துக்கு நடுவே 52 கிராமைத் தேடுவது கல்யாண மண்டபத்தில் கடிகார முள்ளின் சத்தத்தைக் கேட்க முயல்வது மாதிரி.

முதல் வாரத்தில் இரண்டு கிலோ சட்டென்று குறைவதும் இதே கதைதான். கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் மாவுச்சத்தை உடம்பு கொஞ்சம் கைச்செலவுக்கு வைத்திருக்கும், மொத்தம் அரைக் கிலோ வாக்கில். ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும், முக்கியமாக மாவுச்சத்தைக் குறைத்ததும், முதலில் கரைவது இதுதான், தண்ணீரும் கூடவே போய்விடும். இரண்டாவது வாரம் வேகம் குறைந்ததும் பலர் மனமுடைந்து விட்டுவிடுகிறார்கள். உண்மையில் நிஜக் கணக்கே அப்போதுதான் தொடங்கியிருக்கும்.

அதனால் ஒருநாள் எடைக்கு மதிப்பில்லை. தினமும் காலையில் கழிப்பறை போய்வந்தபின், எதுவும் குடிப்பதற்கு முன் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் எழுதிவையுங்கள். ஒரு வாரத்தின் சராசரியை இன்னொரு வாரத்தின் சராசரியோடு ஒப்பிடுங்கள், வேறெதையும் எதோடும் ஒப்பிடாதீர்கள்.

வரவும் செலவும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன

இதுவரை வரவு தனி, செலவு தனி என்பது போலப் பேசினோம். உடம்பு அப்படி இல்லை, வரும்படி குறைந்தால் செலவை இறுக்கும் குடும்பத் தலைவி மாதிரி அது. "தினம் 500 குறைத்தால் வருடத்துக்கு இத்தனை கிலோ" என்று நேர்கோட்டில் வகுத்துப் போடும் கணக்குகள் தோற்றுப்போவது இங்கேதான்.

அந்தப் பெண் 62 கிலோவுக்கு வந்துவிட்டார் என்று வைப்போம். சின்ன உடம்புக்குச் செலவும் சின்னது. அதே சூத்திரத்தில் அடிப்படை 1,284, மொத்தம் 1,800. அதே 1,500ஐச் சாப்பிட்டால் பற்றாக்குறை 400இலிருந்து 300ஆகிவிட்டது, அவர் எந்தத் தப்பும் செய்யாமலே. இதற்கு மேல், எடை குறைந்த உடம்பு சூத்திரம் சொல்வதைவிடவும் கொஞ்சம் சிக்கனமாக ஓடும், சில்லறை அசைவுகள் தானாகக் குறையும், பசி கூடும். மின்தூக்கி வருமா என்று பார்ப்போம் என்று நிற்பது, உட்கார்ந்த இடத்திலிருந்தே ரிமோட்டைக் கேட்பது, எதுவும் யோசித்துச் செய்வதில்லை. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார்கள். எடையில் கால்வாசி குறைந்தது, அடிப்படைச் செலவு அதைவிட அதிக விகிதத்தில், 40 சதவீதம் அளவுக்கு இறங்கியது. ஒன்றைக் கவனியுங்கள், அப்போதும் எடை குறைந்துகொண்டுதான் வந்தது. "ரொம்பக் குறைவாகச் சாப்பிட்டால் உடம்பு பட்டினி நிலைக்குப் போய் எடை ஏறும்" என்ற பிரபலமான பேச்சுக்கு இங்கே ஆதாரம் இல்லை. வேகம் குறையும், ஏறாது.

எதைச் சாப்பிடுகிறோம் என்பதும் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதை இழுக்கும். 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில் 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். இரண்டிலும் தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஒரே அளவு, வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவின்போது யாரும் சொல்லாமலே நாளுக்கு 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, சராசரியாக 0.9 கிலோ ஏறினார்கள். கலோரிதான் எடையை ஏற்றியது, ஆனால் அந்தக் கலோரியை வாய்க்கு வரவழைத்தது உணவின் வகை. இரண்டு கட்சிகளும் இதைப் பார்த்தபின் சண்டையை நிறுத்தியிருக்கலாம்.

இன்னொன்று, வார இறுதி. திங்கள் முதல் வெள்ளி வரை தினம் 400 பற்றாக்குறை என்றால் 2,000. சனி ஞாயிறு இரண்டு நாளும் தேவைக்கு மேல் ஆயிரம் ஆயிரம் சாப்பிட்டால், வாரக் கணக்கு பூஜ்யம். வாரத்தில் ஐந்து நாள் ஒழுங்காக இருந்தேனே என்பது உண்மைதான், ஆனால் உடம்புக்குக் கிழமை தெரியாது.

உங்கள் எண்ணைக் கண்டுபிடிப்பது

சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், வளரும் பிள்ளைகள், உணவைக் கண்டாலே பயமோ குற்றவுணர்வோ வரும் பழைய அனுபவம் உள்ளவர்கள், நீங்களாக இந்தக் கணக்கில் இறங்காதீர்கள், மருத்துவரோடு பேசிவிட்டுச் செய்யுங்கள். மற்றவர்களுக்கு வழி எளிது, பொறுமைதான் வேண்டும்.

அந்தப் பெண் ஐந்து வாரம் எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். எழுதிய வரவு சராசரி 1,500. முதல் வாரத்தைத் தூக்கிப்போட்டுவிட்டார், அது தண்ணீர்க் கணக்கு. இரண்டாவது வாரத்தின் சராசரி எடை 69.1, ஐந்தாவது வாரத்தில் 68.4. இடையே 21 நாள், 0.7 கிலோ. 7,700ஆல் பெருக்கினால் 5,390, 21ஆல் வகுத்தால் நாளுக்கு 257. அதை 1,500உடன் கூட்டினால் அவருடைய செலவு 1,757.

சூத்திரம் சொன்ன 1,910 எங்கே போயிற்று? நூற்றைம்பது கலோரி இடிக்கிறது. ஒருவேளை அவர் சராசரியைவிடக் குறைவாக அசைபவராக இருக்கலாம். ஒருவேளை எழுதாமல் விட்ட எண்ணெயாகவும் கரண்டிக் கோபுரமாகவும் இருக்கலாம், அப்படியென்றால் நிஜத்தில் சாப்பிட்டது 1,650, நிஜச் செலவு 1,910ஏதான். எது என்று அவர் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அடுத்த மாதமும் அதே கரண்டியால், அதே அரைகுறைக் கவனத்தோடுதான் எழுதப்போகிறார், அந்தப் பிசகு இரண்டு மாதத்திலும் ஒரே அளவில் இருக்கும்வரை அது கணக்கைக் கெடுக்காது. இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டுமானால் அவர் 1,757ஐச் செலவாக வைத்துக்கொண்டு, எழுதும் வரவை 1,400ஆகக் குறைக்கலாம், அல்லது இதே வேகம் போதும் என்று 1,500இலேயே இருந்துவிட்டு இன்னும் நாலு வாரம் கழித்து மறுபடி வகுத்துப் பார்க்கலாம்.